உறைபனியில் ஒரு நாயனம்

மலையில் அன்று உறைபனி. தேயிலைச் செடிகள் உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தன. தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா.

நாயனம் வாசிக்கக் கீழ்நாட்டிலிருந்து அமிர்தகடேசன் வந்திருந்தார். கூடவே அவருடைய சீடர் ஒண்டிவீரன். சீடருக்குக் குருவைவிடப் பத்து வயது அதிகம். முப்பது வருடம் பறை அடித்தவர். நாயனம் கற்க அவர் ஏறி இறங்காத வாசல் இல்லை. அமிர்தகடேசன் ஒருவர்தான், "உள்ளே வாங்கண்ணே" என்றார்.

ஒண்டிவீரன் ஊரறிய ஊதப்போவது அன்றுதான் முதல் தடவை. இருவருக்கும் இருந்தது ஒரே நாயனம்.

ஒண்டிவீரன் அதை உறையிலிருந்து எடுத்தார். மரம் சில்லிட்டிருந்தது. வாசலில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பறையைக் காய்ச்சிய பழக்கத்தில் அதில் நீட்டினார்.

குரு பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"ஏன் வாத்தியாரே? தோலைத் தீயில காட்டினா கணீர்னு பேசுது. மரத்தைக் காட்டக் கூடாதா?"

குரு சீடரின் கம்பளியை விலக்கி, நாயனத்தை அவர் நெஞ்சோடு சேர்த்து வைத்து மூடினார்.

"இப்படியே நில்லுங்க."

சங்கச் செயலாளர் பரஞ்சோதி வந்தார். முந்தின நாள் இதே வாசலில், சாதியைக் கொளுத்துவோம் என்று இரண்டு மணி நேரம் முழங்கியவர்.

"கொடி ஏத்தணும். ஊதுங்க."

"மரம் குளிர்ந்திருக்கு தோழர். இப்ப ஊதினா வெடிச்சிடும்" என்றார் குரு.

"கூட்டம் காத்திருக்குய்யா!"

"கூட்டம் வெடிக்காது. இருக்கட்டும்."

கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

பரஞ்சோதியின் கண் கம்பளிமேல் விழுந்தது. குருவைத் தனியே இழுத்தார். குரலைத் தணித்தார், ஆனால் போதுமான அளவு தணிக்கவில்லை.

"அவர் ஊதறது நல்லதுதான். பேப்பர்லகூடப் போடலாம். ஆனா அதையே அப்புறம் நீங்க எப்படி வாயில வைப்பீங்க? இன்னொண்ணு கொண்டு வந்திருக்கலாமே?"

ஒண்டிவீரன் காதில் அது விழுந்தது. நாயனத்தை எடுத்துத் திருப்பிக் கொடுக்க அவர் கை கம்பளிக்குள் போனது.

குரு வந்து அந்தக் கையை அழுத்திப் பிடித்தார்.

"எடுக்காதீங்கண்ணே. இன்னும் சூடு ஏறல."

அரை மணி நேரம் கொடி காத்திருந்தது.

பிறகு ஒண்டிவீரன் ஊதினார். முதலில் மெதுவாக, மூச்சை அளந்து. அப்புறம் மலை நிறைய. லயன் வீடுகளில் படுத்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். எத்தனையோ கொடியேற்றம் கண்ட மலை அது. அப்படி ஒரு நாதத்தைக் கேட்டதில்லை.

முடித்துவிட்டு, வாய் வைத்த சீவாளியைத் துடைக்க இடுப்புத் துண்டை அவிழ்த்தார். அதற்குள் குரு நாயனத்தை வாங்கி, அப்படியே வாயில் வைத்து, சீடர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

பரஞ்சோதி கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் மலையிறங்கும்போது ஒண்டிவீரன் கேட்டார்: "தீ ஏன் ஆகாதுன்னு கடைசிவரை சொல்லலையே வாத்தியாரே?"

"தீயில காட்டினா மேல மட்டும்தாண்ணே சுடும். உள்ளே குளிர்ந்தே கிடக்கும். வாய் வைக்கிற நேரத்துல வெடிச்சிடும்."