கோணல் மடிப்பு

"கொக்கு மடிக்க எனக்கு நல்லா வந்துட்டு டீச்சர். எம் மகளுக்குத்தான் சொல்லிக் கொடுக்க முடியல."

சுடலைமுத்து இதைச் சொன்னபோது வகுப்பு முடிந்து, பிள்ளைகள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் ஞாயிறுதோறும் ஜப்பான் காகித மடிப்பு சொல்லிக் கொடுத்தாள் யாஸ்மின். அவளுக்கு இருபத்தாறு வயது. மாணவர்கள் பதினான்கு பேர். பதிமூன்று பேருக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. பதினான்காவது ஆள் சுடலைமுத்து. மினிபஸ் ஓட்டுகிறவர். பெரிய மீசை. வயது முப்பத்தொன்பது.

"மகளையே கூட்டிட்டு வாங்களேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"வரமாட்டா டீச்சர். கையை எல்லாரும் பாப்பாங்கன்னு பயப்படுதா. நான் படிச்சு வீட்ல சொல்லிக் கொடுக்கேன்."

மகள் தாரணிக்கு எட்டு வயது. ஐந்து மாதத்துக்கு முன் கொதிக்கும் கஞ்சி அவள் வலது புறங்கையில் கொட்டிவிட்டது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். புண் ஆறிவிட்டது. விரல்கள் மடங்கவில்லை.

தினமும் விரலுக்கு வேலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு ஆபரேஷன் என்றார் டாக்டர். பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். தாரணி அதை ஜன்னல் வழியே தெருவில் எறிந்தாள். பேப்பர் மடிக்கச் சொல்லிப் பாருங்கள் என்றார் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மா.

அப்படித்தான் சுடலைமுத்து சின்னப் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆறு வாரம் ஆகிவிட்டது.

"அடுத்த மாசக் கடைசில டாக்டர்ட்ட காட்டணும் டீச்சர். பயமா இருக்கு."

யாஸ்மின் மிச்சத் தாள்களை அடுக்கி வைத்தாள்.

"அவ மடிச்சத எல்லாம் அடுத்த வாரம் கொண்டு வாங்க அண்ணாச்சி."

*

அடுத்த ஞாயிறு ஒரு துணிப்பையில் பதினொரு கொக்குகள் வந்தன.

யாஸ்மின் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். மூக்கு ஊசி மாதிரி இருந்தது. சிறகில் ஒரு சுருக்கம் இல்லை.

"இதை யார் மடிச்சா?"

"ஆரம்பிக்கது அவதான். ரெண்டு மடிப்புக்குள்ள முகம் சுருங்கிரும். நான் வாங்கி முடிச்சுக் கொடுத்திருவேன்."

அவள் அந்தக் கொக்கைப் பிரித்தாள். சிறகு, கழுத்து, வால். கடைசியில் வெறும் சதுரத் தாள்.

அடுத்ததை எடுத்தாள்.

"டீச்சர், கஷ்டப்பட்டு மடிச்சது."

அதையும் பிரித்தாள். ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

கடைசித் தாளில் நின்றாள். நேர்நேரான கோடுகளுக்கு நடுவே ஒரு கோடு சாய்ந்து போனது. பாதி வழியில் மங்கி நின்றுவிட்டது.

"இது?"

"அது அவ போட்டது. கோணிட்டு. நான் அழுத்தி நேராக்கிட்டேன்."

"மத்த பத்துலயும் அவ போட்டதக் காட்டுங்க."

சுடலைமுத்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

எதிலும் இல்லை.

தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கஞ்சி வடிக்கப் பானையத் தூக்குனது நான்தான் டீச்சர். அவ பின்னால நிக்கது தெரியாது. திரும்பிட்டேன்."

அவர் விரல் அந்தச் சாய்ந்த கோட்டைத் தடவியது.

"அவ முகம் சுருங்கும்போதெல்லாம் அன்னைக்கு அவ போட்ட சத்தம் காதுல கேக்கும். என்னை அறியாமப் பேப்பரப் பிடுங்கிருவேன்."

"இதை அவகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்ல?"

அவள் பதினொரு தாள்களையும் துணிப்பைக்குள் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"கொக்கு மடிக்கிறத மறந்திருங்க அண்ணாச்சி."

"ஏழு வாரமா படிச்சிருக்கேனே டீச்சர்!"

"இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள."

*

சாயங்காலம் வீட்டில் சுடலைமுத்து தாளை எடுத்துப் பாதியாக மடித்தார். அப்படியே நிறுத்தினார்.

"தாயி, இதுக்கு அடுத்து என்னன்னு மறந்துட்டு."

தாரணி நம்பவில்லை. "நேத்து மடிச்சியே?"

"நேத்து தெரிஞ்சுது. இன்னைக்கு வரமாட்டேங்கு. டீச்சர் ஏசுவாங்க."

அவள் தாளை இழுத்துத் தன் முன்னால் வைத்தாள். "முனையோட முனையச் சேக்கணும்னு நெனைக்கேன்."

விரல் இறங்கவில்லை. முகம் சுருங்கியது. சுடலைமுத்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி கோமதி எட்டிப் பார்த்தாள். "பிள்ளை கெடந்து கஷ்டப்படுது. கொஞ்சம் பிடிச்சுக் கொடுத்தா என்ன?"

"எனக்குத் தெரியாதுட்டி."

"தெரியாமத்தான் வாரா வாரம் போயிட்டு வாரீங்களாக்கும்!"

ஒரு மடிப்புக்கு அரை மணி நேரம் ஆனது. முனை முனையில் சேரவில்லை.

"சரியாப்பா?"

"தெரியலயே தாயி."

அவள் சூள் கொட்டினாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

மறுநாள் இரண்டு மடிப்பு. அதற்கடுத்த நாள் வலி தாங்காமல் தாளைக் கசக்கி எறிந்தாள். கசக்கும்போது ஐந்து விரலும் ஒன்றுசேர அசைந்ததைச் சுடலைமுத்து பார்த்தார். இன்னொரு தாளை எடுத்து அவளுக்கும் தனக்கும் நடுவே வைத்தார்.

மூன்றாம் வாரம் ஒரு கொக்கு வந்தது. கழுத்து தொங்கியது. ஒரு சிறகு பெரிது, ஒன்று சிறிது.

"தூங்குதுப்பா" என்றாள். அவளே சிரித்தாள்.

ஆறு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. கோமதி அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

*

"விரலை மடக்கும்மா" என்றார் டாக்டர்.

தாரணி மடக்கினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையைத் தொட்டன. மோதிர விரல் தொடப் பார்த்தது. சுண்டு விரல் பாதி வழி வந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள். மடக்கியபடியே வைத்திருந்தாள்.

டாக்டர் அளந்தார். பழைய சீட்டைப் புரட்டினார். மறுபடி அளந்தார்.

"வீட்ல என்ன செஞ்சீங்க?"

சுடலைமுத்து வாயைத் திறப்பதற்குள் தாரணி முந்திக்கொண்டாள். "அப்பாவுக்குக் கொக்கு மடிக்கச் சொல்லிக் கொடுக்கேன். அவங்களுக்கு இன்னும் சரியா வரல."

டாக்டர் பேனாவை மூடினார். "இப்ப ஆபரேஷன் வேண்டாம். விடாம சொல்லிக் கொடு."

வெளியே வந்ததும் சுடலைமுத்து படிக்கட்டில் உட்கார்ந்து யாஸ்மினுக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"டீச்சர்?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "நானும் தினம் பயந்துகிட்டேதான் இருந்தேன் அண்ணாச்சி."

*

அன்று சாயங்காலமும் உட்கார்ந்தார்கள்.

கொக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. கழுத்து இந்த முறை நிமிர்ந்து நின்றது.

"இந்தச் சிறகைப் பிடிச்சுக்கோப்பா. நான் அந்தப் பக்கம் இழுக்கேன்."

முதல் தடவையாக அவளே பிடிக்கச் சொல்கிறாள். சந்தோஷத்தில் அழுத்திப் பிடித்துவிட்டார். அவள் இழுத்தாள்.

சர்ரென்று சிறகிலிருந்து கழுத்துவரை கிழிந்தது.

சுடலைமுத்துவின் கை அந்தரத்தில் நின்றது.

"நான்தான் தாயி" என்றார். "நான்தான். பாக்காமப் போயிட்டேன்."

தாரணி கிழிந்த தாளைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். தன் புறங்கையையும் பார்த்தாள்.

"நீ வேணும்னா செஞ்ச? தெரியாமத்தானப்பா."

அவர் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"அழாத" என்றாள். "வேற பேப்பர் எடு."