முயலைவிடச் சின்ன சிங்கம்

“பெரியவர்களைப் பெரிதாக... பெரிதாக...”

காட்டுக் கூட்டத்தில் கிழட்டு யானை பேசியதில் மந்திரி ஓணானுக்கு அவ்வளவுதான் நினைவிருந்தது. ‘மதிக்கணும்’ என்றதா, ‘காட்டணும்’ என்றதா? காட்டணும் என்றே வைத்துக்கொண்டது.

அந்தக் காட்டுக்கு ராஜா சிங்கம். குளக்கரைப் பாறையில் தன் படத்தை வரைய முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது. “நான் அந்த மலை உச்சியில் நிற்பேன். நீ இங்கிருந்து பார். கண்ணுக்குத் தெரிகிறபடியே வரை!”

முள்ளம்பன்றி தன் முள் ஒன்றைக் கை நீட்டிப் பிடித்தது. ஒரு கண்ணை மூடி அளந்தது. மலை இவ்வளவு. சிங்கம் இவ்வளவு. எதிரே தண்ணீர் குடிக்கிற முயல் இவ்வளவு. அளந்தபடியே கரியால் வரைந்தது.

படத்தைப் பார்க்க வந்த சிங்கம் தேடியது. “நான் எங்கே?”

“அதோ, முயலின் காதுக்கு மேலே, ராஜா.”

“அந்தப் புள்ளியா? முயல் என்னைவிடப் பெரிதா!”

“நான் தண்ணி குடிக்கத்தான் வந்தேன், சாமி!” என்று முயல் நடுங்கியது.

ஓணான் தலையை ஆட்டிக்கொண்டே முன்னால் வந்தது. “பெரியவரைப் பெரிதாகக் காட்டணும் என்று யானையாரே சொல்லியிருக்கிறார்! பழைய குகைச் சித்திரங்களைப் போய்ப் பாருமய்யா. ராஜா மலை மாதிரி, மற்றவர்கள் எறும்பு மாதிரி!”

“அதை வரைந்தவர்கள் பதவியை அளந்து வரைந்தார்கள். என்னிடம் கண்ணுக்குத் தெரிகிறபடி வரையச் சொன்னது ராஜாதானே? நான் தூரத்தை அளந்தேன்.”

“சித்திரத்துக்கு எதற்குக் கணக்கு? சிங்கத்தை மட்டும் பெரிதாக்குமய்யா!”

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. “அப்புறம் சிங்கத்தின் காலடியில் மலை கரையான் புற்றாகிவிடும்!”

“மலையையும் பெரிதாக்குமய்யா!”

“வானம் எங்கே போகும்? குளம் எங்கே போகும்? கணக்கைப் பிடுங்கிவிட்டால் பாறையில் கரிதான் மிஞ்சும்! ராஜா பெரிதாகத் தெரியணுமா? முயலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கட்டும்!”

“முயலுக்குப் பக்கத்திலா!” சிங்கம் பாறையை ஓங்கி அறைந்தது. “பொழுது சாய்வதற்குள் திருத்து. இல்லையென்றால் உனக்கும் உன் குட்டிகளுக்கும் இந்தக் காட்டில் வளை கிடையாது!”

ஆளைப் பார்த்து அளவை மாற்றினால் அளவும் பொய், படமும் பொய்.

முள்ளம்பன்றி படத்தைத் திருத்தவில்லை. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தது.