ராஜா கேட்டார், "என்னைத் தெரியுதா?"

முன்னொரு காலத்தில் கருங்குன்றச் சீமையை அதிவீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டு வந்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முக்கால்வாசி நேரம் பாட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். நாட்டை மந்திரிகள் பார்த்துக்கொண்டார்கள். அதனால் நாடும் சௌக்கியமாகவே இருந்தது.

அந்தச் சீமையில் வடிவாம்பாள் என்று ஒரு பாடகி. அவள் பாடினால் கைக்குழந்தைகூட அழாது என்பார்கள். புகழ் வந்த பிறகு அவளால் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன முடியவில்லை. ஆற்றில் குளிக்கப் போனால் கரையில் நின்றுகொண்டு, "ஒரே ஒரு அடி பாடுங்கம்மா" என்பார்கள். "குரலுக்காகத் தினம் பல்லி முழுங்குறீங்களாமே, நெசமா?" என்று ஒருத்தி கேட்பாள். இதையெல்லாம் சிரித்து மழுப்பிவிடலாம். மழுப்ப முடியாத கேள்வி ஒன்று உண்டு. எவனாவது எதிரே வந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, "என்னைத் தெரியுதா?" என்பான்.

தெரியாது என்றால் பாவம், முகம் வாடிவிடும். அதற்காகவே வடிவாம்பாள் ஒரு பதில் வைத்திருந்தாள். "தெரியாமலா! அம்மா சௌக்கியமா?" என்பாள். அம்மா இல்லாமல் யார் பிறந்தார்கள்? கேட்டவன் உச்சி குளிர்ந்து, அம்மாவின் முழங்கால் வலிவரை சொல்லிவிட்டுப் போவான்.

ஒருநாள் அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பாடினாள். அங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்தாள். அவள் என்ன பாடினாலும் சபை கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. ராஜா "பலே!" என்றதும்தான் அத்தனை பேரும் "பலே! பலே!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். ராஜாவுக்கு முந்தி வாய் திறப்பது அந்தச் சபையில் மரியாதைக் குறைவாம்.

பாட்டு முடிந்ததோ இல்லையோ, ராஜா சிம்மாசனத்தை விட்டுக் குதித்து ஓடிவந்தான்.

"வடிவாம்பா, என்னைத் தெரியுதா? இளவரசனா இருந்தப்போ மாறுவேஷத்துல ஆலங்காட்டுத் திருவிழாவுக்கு வந்திருந்தேன். கூட்டத்துல நின்னு 'பலே'ன்னேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரிச்சே!"

பழக்க தோஷம், நாக்கு முந்திக்கொண்டது. "தெரியாமலா, மகாராஜா! அம்மா சௌக்கியமா?"

ராஜமாதா பக்கத்து ஆசனத்தில்தான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். "எனக்கென்ன கேடு? இங்கேதானே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன்" என்றாள்.

வடிவாம்பாளுக்குக் குப்பென்று வேர்த்தது. ஆஸ்தான வித்துவான் கனகசபைக்கோ பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அவள் பேரைக் கேட்டாலே வயிறு எரிகிற மனுஷர் அவர்.

"பிரபு, இவளுக்குத் தங்களைத் துளியும் நினைவில்லை. தெருவில் போகிறவனிடம் சொல்கிற பொய்யையே தங்களிடமும் சொல்லிவிட்டாள்!" என்று பற்றவைத்தார்.

ராஜாவின் முகம் சுருங்கிப்போயிற்று. இத்தனை வருஷமாக அந்தச் சிரிப்பை மனசுக்குள் பொத்தி வைத்திருந்தவனாயிற்றே. "பொய்தான்னு ஆச்சுன்னா, இனிமே இந்தச் சீமையில நீ வாய் திறந்து பாடக்கூடாது" என்றான்.

பாட்டை எடுத்துவிட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? வயிற்றுக்கும் அதுதான், உயிருக்கும் அதுதான். எப்படியோ சமாளித்தாள்.

"மகாராஜா, பாடுறப்போ தீவட்டி வெளிச்சம் கண்ணைக் கூசும். யார் முகமும் தெரியாது. குரல்தான் காதுல விழும்."

"அப்படியானால் குரலையே கண்டுபிடிக்கட்டும்!" என்றார் கனகசபை. "திரை கட்டுவோம். பிரபுவும் நாங்களும் பின்னால் நிற்கிறோம். எது பிரபுவின் 'பலே' என்று இவள் சொல்லட்டும்."

சொல்லிவிட்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ராஜாவைப் பார்த்தே 'பலே' போட்டுப் பழகிய சபை அது. ராஜா குரலில் கரகரப்பு இருந்ததால் அத்தனை பேர் குரலிலும் அதே கரகரப்பு. பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

வடிவாம்பாள் ஒரு கணம் யோசித்தாள். "சரிங்க. ஆனா அன்னிக்கு மாதிரியே நான் பாடுறேன். யாருக்கு எந்த இடம் பிடிக்குதோ, அந்த இடத்துல அவங்க 'பலே' சொல்லட்டும்."

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கனகசபையும் தலையாட்டினார்.

திரை கட்டியாயிற்று. முதல் அடியைப் பாடினாள். திரைக்குப் பின்னால் மூச்சுக் காட்டவில்லை. இரண்டாவது அடி. அப்போதும் இல்லை. ராஜா வீம்புக்கு வாயை இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் திறக்காமல் மற்றவர்கள் எப்படித் திறப்பார்கள்?

வடிவாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். அரண்மனையை மறந்தாள், கனகசபையை மறந்தாள், திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே நிற்பதாக நினைத்துக்கொண்டு குரலை மேலே ஏற்றி, அங்கேயே நிறுத்தி, மெல்ல மெல்ல இறக்கினாள்.

"பலே!" என்றது ஒரு குரல். அடுத்த கணமே "பலே! பலே!" என்று அத்தனை குரலும் அதே கரகரப்பில் வந்து விழுந்தன.

"முதல்ல வந்துதே, இடது ஓரம். அதுதான் மகாராஜா!"

திரை விழுந்தது. இடது ஓரத்தில், கண் கலங்கி நின்றவன் அதிவீரகண்டனேதான். "பார்த்தீரா கனகசபை! என்னை இவ மறக்கலை!" என்று துள்ளினான்.

அதோடு கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"இல்லை மகாராஜா. நெசமாவே எனக்கு உங்களை ஞாபகமில்லை. நீங்க வருத்தப்படுவீங்களேன்னு சொன்ன பொய் அது. மன்னிக்கணும்."

"பின்னே எப்படிக் கண்டுபிடிச்சே?"

"இந்தச் சபையில பாட்டைக் கேட்டு 'பலே' சொல்றது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க உங்களைக் கேட்டுச் சொல்றாங்க. அன்னிக்கு ஆலங்காட்டுலயும் பாட்டைக் கேட்டுத்தானே கத்துனீங்க? நான் சிரிச்சது அந்தச் சத்தத்துக்கு. அந்தச் சிரிப்பு பொய்யில்லை, மகாராஜா."

ராஜா திரும்பிச் சபையைப் பார்த்தான். ஒவ்வொருவரும் தத்தம் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் வைத்தான். "சீமை பூரா உன் இஷ்டம்போலப் பாடு. யாராவது தடுத்தா என்கிட்ட சொல்லு" என்றவன், சபையைப் பார்த்து உரக்கச் சொன்னான்: "இன்றுமுதல் பிடித்தவர்கள் எனக்கு முந்தியே 'பலே' சொல்லலாம். பிடிக்காதவர்கள் சும்மா இருக்கலாம். வித்துவானே, முதல் பாட்டு உம்முடையது!"

கனகசபை பாடினார். நீட்டிப் பாடினார், கையை வீசிப் பாடினார், வேர்க்க விறுவிறுக்கப் பாடி முடித்தார். ஒருவர் வாயும் திறக்கவில்லை. சுவரில் ஒரு பல்லி மட்டும் உச்சுக்கொட்டியது.

ராஜமாதாவுக்கே பாவமாகப் போய்விட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்:

"ஏம்ப்பா கனகசபை, அம்மா சௌக்கியமா?"

அன்றைக்குத்தான் அந்தச் சபை முதல்முறையாக ராஜாவுக்கு முந்திச் சிரித்தது.