எட்டுக் கோடி மைல் அடைக்கலம்

அடைக்கலம் புளுகப் போகிறார் என்பதற்கு ஒரே அடையாளம், தோள்துண்டை எடுத்து ஒரு உதறு உதறுவார். அன்றைக்குத் திருச்சி விமான நிலையத்தில் அவர் உதறிய உதறலில் சுற்றியிருந்த நாற்காலிகளில் தூசு என்பதே இல்லாமல் போயிற்று.

முப்பத்திரண்டு வருஷம் புதுக்கோட்டை–திருச்சி தடத்தில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், நாலு வருஷமாகக் கார்டில் செலவழித்ததற்குச் சலுகையாகச் சேர்ந்த விமான மைலையெல்லாம் கொட்டி அப்பாவுக்கு ஒரு டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான். அடைக்கலமோ அதுவரை விமானத்தைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஏறப்போகிறோம் என்றதும் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் அவருக்கு வாய் நிற்காது.

விமானத்துக்குப் போகும் கதவை ஒட்டியிருந்த நாற்காலியில், வந்ததுமே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டார். பக்கத்தில் ஜமால் பாய். வியாபாரத்துக்காக மாதம் இரண்டு தடவை சிங்கப்பூர் போய்வருகிறவர். எதிரில் கீரனூர் தெய்வானை. அந்த அம்மாளின் மகளுக்கு அங்கே காலையிலேயே பிரசவ வலி எடுத்துவிட்டது. கூடமாட மருமகனைத் தவிர ஆள் கிடையாது. வேன் பஞ்சராகிக் கடைசி ஆளாக வந்து சேர்ந்தவளிடம், "இன்னிக்குச் சின்ன விமானம். இடம் இருந்தாத்தான்" என்று சீட்டு எண் போடாத அட்டையைக் கொடுத்து உட்கார்த்தியிருந்தார்கள். அடுத்த விமானம் மறுநாள் காலையில்தான். சுக்குப்பொடிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீட்டுல நம்பர் போட்டிருக்கப்ப துண்டு எதுக்குண்ணே?" என்று ஜமால் பாய் கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. துண்டு உதறப்பட்டது.

"எட்டுக் கோடி மைல் வச்சிருக்கவனுக்கு நம்பர் எதுக்கு பாய்? பன்னெண்டு வருஷமா ஒரு டிக்கெட்டுக்குக் கைக்காசு போட்டதில்ல. கொத்தமல்லிக் கட்டு வாங்குனாலும் கார்டைத் தேச்சுத்தான் வாங்குவேன். மச்சினன் கல்யாணத்துக்கு வாழையிலை பூராவும் கார்டுல எடுத்தேன். துண்டு இலைக்கு நாலு மைல், தலைவாழைக்கு எட்டு மைல். அதை வச்சு சாம்பார் ஊத்துறப்ப எந்திரிச்சு துபாய் போனவன், மோருக்கு வந்து உக்காந்துட்டேன்."

"அப்ப ரசம்?"

"ரசம் விமானத்துலயே குடுத்தான்."

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அடைக்கலத்துக்கு அது போதும்.

"தீபாவளிக்கு சோப்பு வாங்கினா பத்து மடங்கு மைலுன்னான். விடுவனா? நாலு லாரி சோப்பு இறக்கிட்டேன். வைக்க இடமில்ல, எங்க ஊர்க் கம்மாயில கொட்டுனேன். நுரை பனைமர உசரத்துக்கு எழும்பிருச்சு. எருமையெல்லாம் உள்ள போறப்ப கறுப்பு, வெளிய வர்றப்ப வெள்ளை. பால் சொசைட்டிக்காரன் பசும்பால்னு ரூவாயக் கொறச்சுப்புட்டான்."

"அந்த மைலுக்கு எங்க போனீங்க?" இந்தத் தடவை கேட்டது தெய்வானை. அவள் கண் கதவை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"லண்டனுக்கு ஒரு காப்பி குடிக்கப் போனேன் தாயி. வாயில வைக்க முடியல. அடுத்த விமானத்துலயே திரும்பிட்டேன். ஆனா போயிட்டு வந்ததுக்கு மைல் ஏறுச்சா, அதுல பாரிஸ் போனேன். பாரிஸ் போனதுக்கு ஏறுச்சா, அதுல நியூயார்க். நிறுத்தவே முடியல. ஏழு வாரம் வீட்டுக்கே வரல. எங்க வீட்டுல போலீசுக்குப் போயிட்டா."

"பைலட்டெல்லாம் பழக்கமாயிருப்பாங்களே" என்றார் பாய், எடுத்துக் கொடுப்பவர்போல.

"பழக்கமாவா? மேல ஏறுனதும் வந்து, 'அண்ணே, இன்னிக்கு எந்தப் பக்கமா விடட்டும்'னு கேப்பாரு. 'கீரனூர் பைபாஸ் மேல போ, மாத்தூர்ல மேகம் நெரிசலா இருக்கும்'பேன். ஒருநா அவசரத்துல ரெண்டு விசில் குடுத்துட்டேன். ஓடுபாதையில பறக்க இருந்த ஏழு விமானமும் ஒண்ணா கெளம்பிருச்சு!"

பின் வரிசையிலிருந்தவர்களும் இடம் மாறிக் கிட்டே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடைக்கலத்துக்கு உச்சி குளிர்ந்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

"இதெல்லாம் சும்மா. ஒரு மார்ச் முப்பத்தொண்ணு, பொழுது சாயுறதுக்குள்ள மைலைத் தீர்க்கலன்னா அத்தனையும் காலாவதின்னு போன் வந்துச்சு. என்ன பண்றது? ஊரையே ஏத்திட்டேன். முந்நூத்தி நாப்பது பேரு, கூட இருபது ஆடு."

"ஆட்டுக்கு எப்படிண்ணே டிக்கெட்டு?"

"ரெண்டு வயசுக்குக் கீழ பாய். மடியில வச்சுக்கலாம். போற வழியில ஏர்போர்ட்டுல மைல்காரங்களுக்குன்னு இருக்குற ஓசிச் சாப்பாட்டு ரூம்புல நுழைஞ்சோம். அர மணி நேரத்துல இட்லி மாவு தீந்துபோச்சு. அங்க இருந்த மேனேஜர் அழுதுகிட்டே எங்க ஊருக்கு வந்து மாவு கடன் வாங்கிட்டுப் போனாரு. பாத்திரத்தை இன்னும் திருப்பித் தரல."

தெய்வானை வாய்விட்டுச் சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அப்போது பார்த்து விமானக் கம்பெனிப் பெண் ஒலிபெருக்கியை எடுத்தாள். ஒரு இடம் குறைகிறது. யாராவது மனமுவந்து தன் சீட்டை விட்டுக்கொடுத்தால், இன்று தங்க அறை, நாளைக் காலையில் நிச்சயமான இடம், அதோடு இருபதாயிரம் மைல்.

தெய்வானையின் சிரிப்பு நின்றது. ஒருத்தரும் அசையவில்லை. ஜமால் பாய் தன் செருப்பைக் கவனமாக ஆராய்ந்தார். கூட்டத்தில் யாரோ, "எட்டுக் கோடி மைல் அண்ணன் இருக்காருல்ல!" என்றார்கள். எல்லாத் தலையும் அடைக்கலத்தின் பக்கம் திரும்பியது.

அடைக்கலம் அட்டையைச் சட்டைப்பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நாலு வருஷம் மகன் சேர்த்த மைல் அது. சாயங்காலம் அங்கே வந்து அப்பாவுக்காகக் காத்து நிற்பான். முப்பத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே போன மனுஷர், இன்றைக்குத்தான் உட்கார்ந்து போகலாமென்று வந்திருக்கிறார். மாட்டேன் என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

அதற்குள் தெய்வானை எழுந்துவிட்டாள். பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடைக்கலத்தின் கண்ணில் அது பட்டதுதான் தாமதம், அவரைக் கேட்காமலே தொண்டை திறந்துகொண்டது.

"ஏம்ப்பா, அந்தம்மா நிக்குதுல்ல! யாராச்சும் எந்திரிச்சு எடம் குடுங்கப்பா!"

கூடமே அதிர்ந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக் குரல் அல்லவா. எவனாவது எழுந்தானா என்று வழக்கம்போல் சுற்றிலும் பார்த்தார். எழுந்து நின்றது அவர் ஒருத்தர்தான்.

இனி உட்காருவதற்கு வெட்கமாக இருந்தது. அட்டையை எடுத்து நீட்டினார். மனசு ஒரு பக்கம் அழுதது, இன்னொரு பக்கம் நன்றாகத்தான் இருந்தது. தெய்வானை அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்க மெம்பர் நம்பர் சொல்லுங்க சார், இருபதாயிரம் மைலை ஏத்திடறேன்" என்றாள் அந்தப் பெண்.

ஜமால் பாய் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

அடைக்கலம் துண்டை உதறினார். "எட்டுக் கோடியைத் தாண்டிட்டா பழைய நம்பரை எடுத்துருவாங்கம்மா. மறுபடி முதல்லேருந்துதான் சேரணும்."

"சரி சார், இந்த ஃபாரத்தை நிரப்புங்க" என்று பேனாவை நீட்டினாள்.

கதவு வரைக்கும் போன தெய்வானை திரும்பி வந்தாள். அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து, கதவுப் பக்கத்து நாற்காலியில் மடிப்புக் கலையாமல் விரித்துப் போட்டாள்.

"நாளைக்கு இவருக்கு ஜன்னல் சீட்டாப் பாத்துக் குடும்மா. முதத் தடவையா ஏறுறாரு. காலையில பெட்டி போடுற வரிசையில எனக்கு முன்னாடி நின்னு, 'பெட்டியை வண்டி மேல ஏத்திக் கயிறு கட்டிட்டீங்களா'ன்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு ஓடினாள், மகளைப் பார்க்க. ஜமால் பாய்க்குச் சிரித்த சிரிப்பில் புரையேறியது.

அடைக்கலம் ஃபாரத்தில் முதல் எழுத்தைக் கூட எழுதவில்லை. அந்தப் பெண்ணிடம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"ஏம்மா, ஜன்னல் தொறந்து வச்சுக்கலாம்ல?"