கதவு, நெருப்பு, மிளகாய்

கருமலை அரசர் புது மாளிகை கட்டினார். மாளிகை என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு என்றால் அரைக்க ஆள். ஆள் என்றால் கங்காணி. அங்கே கங்காணிகள் மூவர். உச்சி வெயிலில் தண்ணீர் கேட்ட ஆட்களை மூவரும் கொட்டகைக்குள் தள்ளி மிளகாய்ப் புகை போட்டார்கள். அரைக்கிறவர்களில் ஒருத்தியான செங்கமலம், வீங்கிய கண்ணோடு நேரே சபைக்கு வந்து முறையிட்டாள்.

கங்காணிகள் தயாராக வந்திருந்தார்கள்.

“நான் கதவைத்தான் சாத்தினேன், மகாராஜா. நாய் நுழையுமே என்று,” என்றான் சடையன்.

“நான் நெருப்புத்தான் மூட்டினேன். கொசுவுக்காக,” என்றான் வீரணன்.

“மிளகாய் நமுத்துப் போயிருந்தது. அனலில் காட்டினேன்,” என்றான் ஒண்டிமுத்து.

அரசர் தாடியைச் சொறிந்தார். “கதவு சாத்துவது குற்றமா? நெருப்பு மூட்டுவது குற்றமா? கூத்தபிரானே, குற்றவாளி ஒருவனைக் காட்டும். விளக்கு வைப்பதற்குள் காட்டாவிட்டால், பொய் வழக்குக்காக இந்தப் பெண் ஊரைவிட்டுப் போக வேண்டும்.”

அமைச்சர் கூத்தபிரான் நீதிநூல்களைக் கரைத்துக் குடித்தவர். அவற்றில் மிளகாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தும் சிக்கலான வழக்கு என்றால் அவருக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். “கொட்டகையைப் பார்த்துவிடலாமே,” என்றார்.

எல்லோரும் போனார்கள். நாய் நுழையும் வழியைக் காட்டக் கங்காணிகள் மூவரும் உள்ளே போனதும், கூத்தபிரான் கதவைச் சாத்தினார். அவர் கண்ணைக் காட்ட, காவலன் ஒருவன் வெளியே சன்னலடியில் சுள்ளியைக் கொளுத்தினான். செங்கமலம் கூடை மிளகாயோடு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அமைச்சரே, கதவைத் திறங்க!”

“நாய் வருமப்பா.”

“நெருப்பு எரியுதே!”

“கொசுவுக்கு.”

“ஐயோ, கூடையைச் சாய்க்கிறாளே!”

“வத்தல் நமுத்துப் போச்சு, அண்ணே,” என்றாள் செங்கமலம்.

“கொல்றாங்களே, மகாராஜா!”

கூத்தபிரான் பதறினார். “அடடா! எங்களில் யாரைப் பிடிக்கச் சொல்லட்டும்? ஒருவரைச் சொல்லுங்கள்.”

“மூணு பேரையும் பிடிங்க! கூடிப் பேசித்தானே செய்றீங்க!”

வெளியே அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். “தீர்ப்பை அவர்களே சொல்லிவிட்டார்களே! செங்கமலம் எங்கும் போக வேண்டாம்.”

கதவு திறந்தது. ஒரு மிளகாய்கூட நெருப்பில் விழவில்லை. மூவர் கண்ணிலும் தாரை தாரையாக நீர்.

“இந்தக் குற்றத்துக்கு ஒரு வருஷம் சுண்ணாம்பு அரைக்க வேண்டும்,” என்றார் அரசர்.

ஒண்டிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். “மூணு பேருக்கும் சேர்த்துக் குற்றம் ஒண்ணுதானே, மகாராஜா? ஆளுக்கு நாலு மாசமாகப் பிரிச்சுக்கிறோம்.”

அரசர் அமைச்சரைப் பார்த்தார்.

“அது எப்படியப்பா?” என்றார் கூத்தபிரான். “அன்றைக்கு உள்ளே இருந்தவர்களுக்குப் புகை பங்கு போட்டுக்கொண்டா வந்தது? ஒவ்வொரு மூக்கிலும் முழுசாகத்தானே ஏறியது!”