போன சூடு திரும்பாத கதை

அந்தக் காலத்தில், கல்லும் ஓடையும் உடும்பும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, சூடு போகவும் செய்யும், கூப்பிட்டால் வரவும் செய்யும். குளிரில் சுருண்டு கிடக்கும் குட்டியைத் தாய் ஆடு அணைத்துப் படுத்தால், தாயின் சூடு குட்டிக்குள் இறங்கும். குட்டியின் சொந்தச் சூடு விழித்துக்கொண்டதும் தாய் "வா" என்று ஒரு சொல் சொல்லும். கொடுத்தது அப்படியே திரும்பிவிடும். அதனால் யாரும் யாருக்கும் கொடுக்கத் தயங்கியதே இல்லை.

அப்போது ஒரு மலைச்சரிவில் மாதனும் அவன் மனைவி வெள்ளச்சியும் குடியிருந்தார்கள். கல்யாணமாகி அது இரண்டாவது மழைக்காலம். கிழங்கு தோண்டப் போன மாதன் திரும்புவதற்குள் ஓடையில் வெள்ளம் வந்துவிட்டது. நடு ஓடையில் பாசி படிந்த பாறைமேல் கால் வைத்தான். பாதத்துக்குப் பிடிப்புக் கிடைக்கவில்லை. தண்ணீர் அவனை இழுத்துக்கொண்டு போயிற்று.

வெள்ளச்சிதான் அவனைக் கீழ் மடுவில் கண்டாள். கரை மணலுக்கு இழுத்து வந்து போட்டாள். உடம்பு சில்லிட்டிருந்தது. அவன்மேல் படுத்துத் தன் சூட்டையெல்லாம் அனுப்பினாள். அவளுக்குப் பல் கிட்டிப் போயிற்று. அவன் நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

பக்கத்துப் பாறையிடம் கேட்டாள். பாறை தன் சூட்டைக் கொடுத்தது. மருத மரத்திலிருந்து உடும்பு இறங்கி வந்தது. அந்த நாளில் உடும்பின் உடம்பில் ஆட்டைவிடவும் மாட்டைவிடவும் அதிகமான சூடு இருந்தது. அது எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளாமல் கொடுத்தது. மாதனின் உடம்பு கதகதப்பாயிற்று. அவ்வளவுதான். கண் திறக்கவில்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த உடும்பு மெதுவாகச் சொன்னது:

"வெள்ளச்சி, சூட்டைக் கூப்பிட்டுக்கோ. அதை வாங்கிக்க உள்ளே யாரும் இல்லை."

அவள் அவன் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள். உயிரோடு இருந்தபோது இருந்த அதே வெதுவெதுப்பு. கூப்பிட்டால் அதுவும் போய்விடும். அவளால் முடியவில்லை. சூட்டிடம் சொன்னாள்:

"நீ அவரை விட்டு வராதே. நான் கூப்பிட்டாலும் வராதே. யார் கூப்பிட்டாலும் வராதே."

சூட்டிடம் அதற்குமுன் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அனுப்பியவரின் சொல்லை மீறி அதற்குப் பழக்கமும் இல்லை. யாருக்குள் இருந்தாலும் சூடு ஒன்றுதான்; திரும்பி வரும் வழியை அது அன்றே எங்கும் மறந்தது.

ஆனால் உயிர் இல்லாத உடம்பில் அதனால் தங்கவும் முடியவில்லை. அவன் முதுகிலிருந்து ஈர மணலுக்குக் கசிந்தது. மணலிலிருந்து ஓடைத் தண்ணீருக்குப் போயிற்று. மார்பிலிருந்து காற்றோடு கலந்தது. வெயில் சாய்வதற்குள் மாதனும் மணலும் ஒரே குளிர்ச்சியாகிவிட்டார்கள். வெள்ளச்சி பயந்துபோய், வா வா என்று கூப்பிட்டாள். வரவில்லை. பாறை கூப்பிட்டது. வரவில்லை. உடும்பு கூப்பிட்டுக் கூப்பிட்டு, கால்கள் விறைத்து, அசைய முடியாமல் கிடந்தது. அது கோபப்படவில்லை. இனி வரவே வராதா என்று மட்டும் கேட்டது.

சரிவெங்கும் கொடுத்தவர்கள் கூப்பிடும் குரல் கேட்டது. குட்டியை அணைத்திருந்த ஆடுகள் கூப்பிட்டன. முட்டைமேல் உட்கார்ந்திருந்த பறவைகள் கூப்பிட்டன. எதுவும் திரும்பவில்லை. வெள்ளச்சி மாதனின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். தேய்க்கும்போது கொஞ்சம் சூடு பிறந்தது. நிறுத்தியதும் அதுவும் காற்றில் போயிற்று. மறுபடி தேய்த்தாள். தோள் ஓய்ந்து விழும்வரை தேய்த்தாள்.

அன்று முதல்தான் சூடு இருக்கும் இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு மட்டும் போகிறது. போனது தானாகத் திரும்புவதில்லை. உடும்பு தினமும் வெயிலிடம் இரந்து வாங்கித்தான் உடம்பை அசைக்கிறது. மனிதரும் குளிரில் கையோடு கை தேய்த்து, பாடுபட்டுக் கொஞ்சம் சூடு உண்டாக்கி, அதையும் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.