அரமும் மரமும்

பேராசிரியர் திருமேனியின் அறைக்குள் வேலம்மை ஒரு விடைத்தாளோடு நுழைந்தார். அவரிடமே தமிழ் பயின்று, அவருடைய துறையிலேயே விரிவுரையாளராக அமர்ந்தவர் வேலம்மை.

“ஐயா, சூசைராஜன் மூன்றாம் முறையும் தேறவில்லை. மூன்று மதிப்பெண் குறைகிறது. இதுவே அவருக்குக் கடைசி வாய்ப்பு. பட்டியலில் நான் கையொப்பமிட்டால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். பார்வையற்றவர் என்பதற்காக இரக்கம் காட்டலாமா?”

“எதற்குக் குறைத்தாய்?”

“எழுத்துப் பிழைகளுக்கு. அறம் வரவேண்டிய இடமெல்லாம் அரம். மறம் வரவேண்டிய இடமெல்லாம் மரம். புறத்திணையைக் கேட்டால் தச்சுப்பட்டறையை எழுதி வைத்திருக்கிறார்.”

பேராசிரியர் சிரிக்கவில்லை. சூசைராஜனை அழைத்துவரச் சொன்னார்.

வெளியே மழை விடாது பெய்துகொண்டிருந்தது. சூசைராஜன் சுவரைத் தடவியபடி வந்து நின்றார். விடுதியில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டதாகச் சொன்னார்.

“உமக்குத் தேர்வு எழுதித் தந்தவர் யார்?”

“வணிகவியல் மாணவர், ஐயா. தமிழ் படிப்பவர் எழுதித் தரக்கூடாது என்பது விதி. விடையை அவரே சொல்லிக்கொடுத்து விடுவாராம். அந்தத் தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார், ‘அண்ணே, தமிழ்ல நான் ஜஸ்ட் பாஸு. நீங்கதான் பாத்துக்கணும்’ என்று. நான் எங்கே பார்ப்பது!”

அவர் மட்டும் சிரித்தார்.

“வேலம்மை, இவருடைய விடையை இவருக்கு வாசித்துக் காட்டு.”

வேலம்மை வாசித்தார். சூசைராஜனின் உதடுகள் உடன் அசைந்தன. இரண்டாம் பக்கத்தில் அவர் முகம் சற்றே தெளிந்தது.

“ஒரு சொல்கூட விடவில்லை, அம்மா. நான் சொன்னது அப்படியே இருக்கிறது. பிறகு எங்கே தவறினேன்? சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.”

வேலம்மை ‘அரம்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். அதை மெல்ல உச்சரித்துப் பார்த்தார். அவர் காதிலும் அது அறம் என்றே விழுந்தது.

சூசைராஜன் காத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா,” என்றார் வேலம்மை தாழ்ந்த குரலில், “இந்தப் பிழை காதுக்குத் தெரியாது. கண்ணுக்குத்தான் தெரியும்.”

“இவருடைய முந்தைய இரண்டு தாள்களைத் திருத்தியது யார்?”

“நான்தான், ஐயா. அவற்றிலும் இதே பிழைகள்.”

“அப்படியானால் இரக்கம் காட்ட வேண்டியது நீ இல்லை, அம்மா. அதை நீ அவரிடம் கேட்டுப் பார்.”